எழுதிக் கொடுத்த நன்றி

நன்றி சொல்வதற்குக் கூலிக்கு ஆள் பிடிப்பார்கள், அந்த ஆள் நீயாகத்தான் இருப்பாய் என்று பத்து வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் எழுத்தக்கா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அப்போது அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் சான்றிதழ்களில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். முத்து முத்தான எழுத்து. கடைசி மார்க் வாங்கிய பிள்ளைகூட அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு மாட்டும் என்று தலைமை ஆசிரியர் சொல்வாராம். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் பிரிண்டர் வந்தது, அக்கா வீட்டுக்கு வந்தாள். ஒரு வருஷம் சும்மா கிடந்தவளைக் கல்யாணக் கார்டு கடை முதலாளி கூப்பிட்டு, பின்னறையில் ஒரு மேஜையும் விளக்கும் கொடுத்து உட்கார வைத்தார். சொந்தப் பெயர் எல்லாருக்கும் மறந்துபோய் எழுத்தக்கா என்பதே நிலைத்துவிட்டது. வீட்டில் அவள் எழுதும் மளிகைச் சீட்டு மட்டும் கோழி கிளறிய மாதிரி இருக்கும். லாரி ஓட்டும் கணவர் அதைக் கடையில் நீட்டக் கூச்சப்படுவார்.

முதலாளிக்கு இந்தத் தொழிலில் முப்பது வருஷம். நன்றி சொல்லும் விதம் மாறி வந்த கதையை, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வார். ஒரு காலத்தில் கல்யாண வீட்டுக்காரர்களே வாசலில் நின்று வாங்க வாங்க என்பார்கள். கிளம்புகிறவர்களோடு தெருமுனை வரை நடந்து வந்து வழியனுப்புவார்கள். நன்றி என்ற வார்த்தையே யாருக்கும் தேவைப்படவில்லை. அப்புறம் வாசலில் நிற்கச் சீருடை போட்ட பெண்கள் வந்தார்கள், நன்றி அழைப்பிதழின் கடைசி வரிக்குப் போனது. அப்புறம் போன். கல்யாணம் முடிந்த மறுநாள் ஐந்நூறு பேருக்கும் ஒரே விநாடியில் ஒரே செய்தி. வராதவனுக்கும் 'தங்கள் வருகைக்கு நன்றி' போனது. அவனும் பதிலுக்கு ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தான். அதுவும் சலித்துப்போய், இப்போது வசதியான வீடுகளில் கையால் எழுதிய கடிதம்தான் மரியாதை என்றாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, பெயர் சொல்லி, அவர் கொடுத்த பரிசைச் சொல்லி எழுத வேண்டும். ஆனால் எழுதப் பெண்ணுக்கும் நேரமில்லை, மாப்பிள்ளைக்கும் நேரமில்லை. அதுக்கென்ன, நாம இருக்கோம்ல என்று முதலாளி அதையும் விலைப்பட்டியலில் சேர்த்துவிட்டார்.

வேலை இப்படி நடக்கும். கல்யாண வீட்டிலிருந்து ஒரு தாள் வரும். நாலு கட்டம்: பெயர், உறவு, பரிசு, குறிப்பு. குறிப்பில் ஏதாவது ஒன்று எழுதியிருப்பார்கள். 'நன்றாகப் பாடுவார்', 'காலேஜில் ஒரே பெஞ்ச்', 'முழங்கால் வலி, விசாரிக்கவும்'. அக்கா அதை வைத்து நாலு வரி எழுதுவாள். குறிப்பு இல்லாவிட்டால் முதலாளி எழுதிக் கொடுத்த மூன்று வாக்கியங்களில் ஒன்றைப் போட வேண்டும், அதைத் தாண்டி ஒரு வார்த்தை கூடாது. கடையில் இருந்த ஒரே சட்டம் அதுதான். எல்லாம் எழுதி மை காய்ந்த பிறகு, பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு நாள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

அந்தக் கல்யாணத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு கடிதம். பெண் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறவள், தங்கமான பெண்தான். மூன்றாம் நாள் மத்தியானம் அக்கா நூற்று நாற்பதைத் தாண்டியிருந்தாள். விரல் மரத்துப்போயிருந்தது. அடுத்த வரியில் ஒரு பெயர், பக்கத்தில் 'பெரியம்மா', அதற்கடுத்து 'போர்வை, கையால் பின்னியது'. குறிப்புக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது.

'தங்கள் அன்பை என்றும் மறவோம்' என்று எழுதியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அதை இந்த மூன்று நாளில் முப்பது தடவை எழுதிவிட்டாள். பெரியம்மா என்று ஒருத்தி, அவளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லையா என்று அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பேனா அதுபாட்டுக்கு ஓடியது.

'அன்புள்ள பெரியம்மாவுக்கு, நீங்கள் வந்தது எங்களுக்குப் பெரிய சந்தோஷம். நீங்கள் பின்னிக் கொடுத்த போர்வை கதகதப்பாக இருக்கிறது. சின்ன வயதில் நீங்கள் எனக்குத் தலை வாரிவிட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. வலிக்காமல் சிக்கெடுக்க உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அவசியம் எங்கள் வீட்டுக்கு வந்து சில நாள் தங்க வேண்டும்.'

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தாள். நன்றாக வந்திருக்கிறது என்று தோன்றியது. கிழித்துப் போட்டிருக்க வேண்டும். நன்றாக வந்ததைக் கிழிக்க யாருக்கு மனசு வரும்? மறுநாள் சாயங்காலம் பெண் வந்தாள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டிலும் கையெழுத்துப் போட்டாள். ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. அது அக்காவுக்கு அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை. முதலாளி காகிதம் எடுக்க வெளியே போயிருந்ததால் அக்காதான் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அறுபத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மா, கைப்பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு படியேறி வந்தார். ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்தாராம். கண் ஆஸ்பத்திரியில் ஒரு வேலை, கூடவே இந்த வேலை. பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார். கவரின் பின்பக்கம் கடையின் பெயரும் தெருவும் அச்சாகியிருந்தன. இதே மாதிரி நல்ல கார்டு ஒன்று வேண்டும், பதில் போட வேண்டும் என்றார்.

தன் எழுத்தைப் பார்த்ததும் அக்காவுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அது கால் நிமிஷம்கூட நிற்கவில்லை.

"என் தங்கச்சி பொண்ணு எழுதியிருக்காம்மா," என்றார் அந்தப் பெரியம்மா. "அவ அம்மாவும் நானும் பேசிப் பதினெட்டு வருஷம் ஆச்சு. கல்யாணத்துக்கே, மாப்பிள்ளை வீட்டுல கேப்பாங்களேன்னுதான் கார்டு அனுப்பினாங்க. கடைசி வரிசையில உக்காந்துட்டு, சாப்பிடாம வந்துட்டேன். ஆனா இவ பாரு. ஆறு வயசு வரைக்கும் நான்தான் தலை வாரிவிட்டேன். அதை மறக்காம வச்சிருக்கா."

குருட்டாம்போக்கில் எழுதிய ஒரு வரி, போய் உட்காரக் கூடாத இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. பெரியம்மா கடிதத்தின் அடியில் இருந்த கையெழுத்தை விரலால் தடவிக் காட்டினார். அவ கையெழுத்து, எவ்வளவு பெரிய மனுஷி மாதிரி போட்டிருக்கா பாரு என்றார். பிறகு, தனக்கு இப்போதெல்லாம் கை நடுங்குகிறது, சொல்லச் சொல்ல நீயே எழுதிக் கொடுத்துவிடு என்று கேட்டார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். உண்மையையே சொல்லியிருக்கலாம். கடையில் வேறு யாரும் இல்லை, மடியில் கைப்பையோடு எதிரில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவிடம் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அக்கா செய்த காரியம் வேறு. பேனாவை மாற்றிப் பிடித்துக்கொண்டு, எழுத்தைச் சாய்த்து, பால்வாடிப் பிள்ளை மாதிரி கோணல்மாணலாக எழுதினாள். இருபது வருஷமாக எழுத்தால் சோறு தின்றவள், தன் எழுத்து தெரிந்துவிடக் கூடாதே என்று வேர்த்து விறுவிறுத்து எழுதினாள். பெரியம்மா சொன்னது சுருக்கமாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸில் கிளம்பி வருகிறேன். பத்து நாள் இருப்பேன். உன் அம்மா கோபப்பட்டால் நான் பேசிக்கொள்கிறேன், தப்பு என்மேலும் இருக்கிறது. அனுப்புநர் முகவரியையும் மறக்காமல் எழுதச் சொன்னார். தபாலில் நானே போட்டுவிடுகிறேன் என்று அக்கா வாங்கி வைத்தாள். அவர் தலை மறைந்ததும் அதை மேஜை டிராயருக்குள் தள்ளி மூடினாள்.

அதற்கப்புறம் அவளுக்கு ஒரு வேலை ஓடவில்லை. வியாழக்கிழமை மூன்று கடிதத்தில் பெயரை மாற்றி எழுதினாள். டிராயரைத் திறக்காமலே அதில் என்ன இருக்கிறது என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த அம்மா பெட்டியோடு போய் நிற்பார். கதவைத் திறக்கிறவர்கள் யார் என்ன என்று கேட்பார்கள். பதினெட்டு வருஷம் கழித்துத் தங்கச்சி முகத்தில் அடித்தாற்போல் ஒரு வார்த்தை சொல்வாள். அத்தனையும் தன்னால். வெள்ளிக்கிழமை முதலாளியிடம் பாதியைச் சொன்னாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரித்தார். ஒரு மரியாதைக்கு வாங்கன்னு எழுதினா மூட்டை முடிச்சோட கிளம்பிடுவாங்களா, அப்படியே போனாலும் அது அவங்க குடும்ப விஷயம் என்றார். வராதவனுக்கே வந்ததற்கு நன்றி போய்ச் சேர்ந்த காலத்தைப் பார்த்தவர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பெண்ணின் வீட்டு விலாசத்தைத் தேடிக்கொண்டு போனாள். ஐந்தாவது மாடி. பாதி பிரித்த பெட்டிகள் நடைவழியெல்லாம் கிடந்தன. பெண் ஆபீஸ் உடையோடு நின்றபடியே கேட்டாள். அக்கா பதில் கடிதத்தைக் கொடுத்தாள், முதல் கடிதத்தில் தான் எழுதியதை ஒரு வரி விடாமல் ஒப்பித்தாள். உள்ளறையிலிருந்து இருமல் சத்தம் வந்ததும் பெண் குரலைத் தாழ்த்தினாள். அம்மா தன்னோடுதான் இருக்கிறாள், ரத்தக்கொதிப்பு வேறு, பெரியம்மா பேச்சை எடுத்தாலே இரண்டு நாள் சாப்பிட மாட்டாள் என்றாள்.

"தலை வாரிவிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள். "எனக்கு ஞாபகமே இல்லக்கா."

ஒரு போன் பண்ணி இரண்டு வார்த்தை பேசினால்கூடப் போதும் என்று அக்கா கெஞ்சினாள். பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. கையெழுத்து தன்னுடையது என்பது அவளுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தினால் மனுஷர்களுக்குக் கோபம்தான் முதலில் வரும்.

"அவங்களை நான் கூப்பிடல. நீங்கதான் கூப்பிட்டீங்க. நீங்களே ஏதாவது எழுதி நிறுத்திடுங்க. நாங்க ஊர்ல இல்லன்னு எழுதுங்க."

அக்கா திரும்பவும் கடைக்குப் போய், விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதினாள். அவசர வேலையாக வெளியூர் கிளம்புகிறோம், நீங்கள் வரும் நேரத்தில் வீட்டில் இல்லாமல் போவது எங்கள் துரதிர்ஷ்டம், இன்னொரு சமயம் அவசியம் சந்திப்போம். இதுவும் நன்றாக வந்தது. தனக்கு நன்றாக எழுத வருகிறதே என்று வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்துப் பெரியம்மாவின் ஊரில் போய் இறங்கினாள். எட்டு மணி ஆக இன்னும் அரை மணி நேரம் இருந்தது. ஒரே மாதிரி ஓட்டு வீடுகள் வரிசையாக இருந்த தெரு. நாலாவது வீட்டு வாசற்படியில் ஒரு பழுப்பு நிறப் பெட்டி நின்றது. பெரியம்மா கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசி முடித்திருந்தார் போல. அவள் சரி சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். பெரியம்மா நல்ல புடவை கட்டியிருந்தார். நரைத்த தலை படிய வாரியிருந்தது.

"கடையில எழுதிக் கொடுத்த பொண்ணுதானே நீ? என்னம்மா இவ்ளோ தூரம்?"

அக்கா கவரை நீட்டினாள். கண்ணாடி பெட்டிக்குள் போய்விட்டது, நீயே படி என்றார் பெரியம்மா. அக்கா நடுத்தெருவில் நின்று படித்தாள். கடைசி வரியை முடிக்கும்போது அந்த அம்மாவின் முகம் சுண்டிப்போகும் என்று எதிர்பார்த்தாள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. அவர் கவலைதான் பட்டார். அவசரம் என்றால் என்ன அவசரம், யாருக்காவது உடம்பு சரியில்லையா, எப்போது திரும்புவார்கள் என்று எழுதவில்லையா என்று கேட்டார். பரவாயில்லை, அடுத்த ஞாயிறு போனால் போச்சு, பெட்டி கட்டினது கட்டினபடியே இருக்கட்டும் என்றார்.

நம்பிவிட்ட ஆளிடம் இங்கிதமாக எதை எழுதினாலும் வேலைக்கு ஆகாது என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அம்மா, அடுத்த வாரமும் போகாதீங்க. அந்த முதல் லெட்டரை எழுதினது நான்."

"நீ எழுதியிருக்கலாம். எனக்கும்தான் எழுதிக் கொடுத்த. அவ சொல்லச் சொல்லத்தானே எழுதியிருப்ப?"

"இல்லம்மா. அவங்க எதுவும் சொல்லல. கையெழுத்து மட்டும்தான் அவங்களது. அதையும் படிச்சுப் பாத்துப் போடல."

பெரியம்மா கைப்பையைத் திறந்து பழைய கடிதத்தை எடுத்தார். மடிப்பில் மடிப்பில் நைந்துபோயிருந்தது. அவருக்கு அதைப் படிக்கக் கண்ணாடி தேவைப்படவில்லை, மனப்பாடம். வரி வரியாகக் கேட்டார். நான் வந்தது சந்தோஷம்னு இருக்கே. அது எல்லாருக்கும் எழுதறதும்மா. போர்வை? அவர்கள் இன்னும் அதைப் பிரிக்கவில்லை. நேற்று நடைவழியில் பெட்டிகளோடு பெட்டியாகக் கட்டுப் பிரிக்காமல் கிடந்ததை அக்கா பார்த்திருந்தாள். சொன்னாள். வந்து தங்கச் சொன்னது? அதுவும் நான்தான். தலை வாரினதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். பிறகு அதையும் கேட்டார்.

"கேட்டேன். அவங்களுக்கு ஞாபகம் இல்லம்மா."

பெரியம்மா பெட்டியின் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எட்டு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு தெருமுனையைக் கடந்து போனது. அவர் கடிதத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"வலிக்காம சிக்கெடுக்க உங்களுக்கு மட்டும்தான் தெரியும்னு எழுதியிருக்க. இது சும்மா தோணாது. யாரு வாரிவிட்டா உனக்கு?"

"எங்க சித்தி," என்றாள் அக்கா. "அம்மா வேலைக்குப் போயிட்டாங்கன்னா சித்திதான் எல்லாம்."

"இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அவங்ககிட்ட இதைச் சொல்லியிருக்கியா?"

இல்லை என்று தலையாட்டினாள். ஊரில் யார் யாருடைய சித்திக்கோ, பெரியப்பாவுக்கோ, ஆபீஸ் மேனேஜருக்கோ ஆயிரக்கணக்கில் நன்றி எழுதியவள், சொந்தச் சித்திக்கு ஒரு வரி எழுதியதில்லை. அவள் கல்யாணத்துக்கு வந்த சித்தி பந்தியில் எச்சில் இலை எடுத்துக்கொண்டே நின்றுவிட்டுப் போனதைக்கூட, மறுநாள்தான் யாரோ சொல்லிக் கேட்டாள். அதற்கும் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது.

பெரியம்மாவுக்குக் கோபம் வந்தது. சத்தம் போடவில்லை.

"உங்க சித்திக்குச் சொல்ல வேண்டியதை எனக்குச் சொல்லிட்ட. உனக்கு மனசு லேசாயிடுச்சு. நான் பெட்டி கட்டிட்டேன்."

மன்னிச்சிடுங்க என்று அக்கா இரண்டு தடவை சொன்னாள். பெரியம்மா அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. முழங்காலைப் பிடித்து எழுந்து, பூட்டைத் திறக்கப் போனார். சாவி துவாரத்தில் நுழையவில்லை. அக்கா உதவப் போனபோது வேண்டாம் என்று தோளால் தள்ளினார். கதவு திறந்ததும் உள்ளே போனவர், அங்கிருந்தே, பெட்டியை மட்டும் உள்ளே கொண்டு வந்து வை, எனக்கு இடுப்பு தாங்காது என்றார்.

பெட்டி நல்ல கனம். பத்து நாளுக்கான துணி மட்டும் இருந்தால் இவ்வளவு கனக்காது. உள்ளே ஒரு அறைதான். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. கட்டில்மேல் விரிப்பு மடித்து வைக்கப்பட்டிருந்தது, மேஜைமேல் பழைய துணி போர்த்தியிருந்தது. பத்து நாள் ஆள் இல்லாமல் இருப்பதற்காகத் துடைத்து வைத்த வீடு. எங்கே வைக்கட்டும் என்று கேட்டாள்.

"எடுத்த எடத்துல வை," என்றார் பெரியம்மா. ஜன்னல் ஒன்றைத் திறந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சமையலறைக்குள் போய்விட்டார்.

எடுத்த இடம் எது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. இன்னொரு தடவை கேட்க வாய் வராமல், பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றாள்.